விமானப் பணியிலிருந்து இறங்கிய பிறகு: இராமநாதபுரம் கடற்கரைக்குத் திரும்புவோருக்கான முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையில் வெளிநாடு போய்த் திரும்புவது புதிதல்ல. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் பொருள் தேடி வெளிநாட்டுக்குச் ‘சபுர்’ போவதும், சேர்த்த பணத்தில் வீடு கட்டி ஊரோடு தங்கிவிடுவதும் பல தலைமுறைகளாக நடந்து வருகின்றன. எப்போது திரும்பலாம், திரும்பியபின் எந்தக் கடையில் பங்கு சேரலாம் என்று சொல்லித்தரத் தெருவுக்கு ஒரு மாமாவாவது இருப்பார். விமானப் பணிப்பெண்ணாகவோ ஆண் பணியாளராகவோ பறந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அப்படி வழிகாட்ட வீட்டில் யாரும் இல்லை. மண்டபத்தில் பிறந்து, பதின்மூன்று ஆண்டுகள் கேபின் குழுவில் பணியாற்றி, ஊர் திரும்பியவள் என்ற முறையில், அந்தக் குறையை என்னால் இயன்ற அளவுக்கு நிரப்பவே இதை எழுதுகிறேன்.

வழிமுறைகளுக்குள் போகும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம்மை வேலைக்கு எடுத்தபோது உயரத்தையும் பேச்சையும் தோற்றத்தையும் பார்த்தார்கள். அதனால் வெளியே வந்தபின்னும் அவைதாம் நம் கைமுதல் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் 50 இருக்கைகளுக்கு ஒரு பணியாளர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி சொல்வது உணவு பரிமாறுவதற்காக அல்ல. பாதி வாயில்கள் மூடியிருந்தாலும் 90 நொடிகளுக்குள் எல்லாரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்த பிறகே ஒரு விமான வகைக்குச் சான்று கிடைக்கிறது. அந்த வெளியேற்றத்தை நடத்திக் காட்டப் பழக்கப்பட்டவர்கள் நாம். தீயணைத்தல், இதய இயக்க மீட்பு, கடலில் இறங்கிய விமானத்திலிருந்து மிதவைப் படகுக்கு மாறுதல், அபாயச் சரக்குகளை அடையாளம் காணுதல், கட்டுக்கடங்காத பயணியைச் சமாளித்தல் ஆகிய அனைத்தையும் ஆண்டுதோறும் மறுபயிற்சியில் எழுதியும் செய்தும் காட்டியிருக்கிறோம். அடுத்த வேலை எதுவானாலும் அதை இந்தப் பயிற்சியின் மேல் கட்டுங்கள் என்பதே என் முதன்மையான ஆலோசனை.

முதல் படி: விலகும் தேதியை நீங்களே குறியுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும் என்பது நம் கரையில் விசைப்படகு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். வலையையும் எஞ்சினையும் பழுதுபார்ப்பதற்கும் கையில் காசு வைத்திருப்பதற்கும் அவர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வார்கள். பறக்கும் வேலைக்கும் ஒரு தடைக்காலம் வரத்தான் போகிறது. அது திரும்ப நீங்காத தடை என்பது மட்டுமே வேறுபாடு. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம், முதுகுவலியால் மருத்துவத் தகுதி கைவிட்டுப் போகலாம், குழந்தை பிறந்தபின் ரோஸ்டரோடு, அதாவது பணிநேர அட்டவணையோடு, ஒத்துப்போக முடியாமல் ஆகலாம். ஆகவே, விட நினைக்கும் நாளுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அந்த நாளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

ஒரு காலத்தில் அந்த நாளைக் குறிக்கும் உரிமையே நமக்கு இருந்ததில்லை. ஏர் இந்தியாவின் பழைய விதிப்படி, 35 வயது, பணியில் சேர்ந்த 4 ஆண்டுகளுக்குள் திருமணம், முதல் கர்ப்பம் ஆகியவற்றில் எது முந்துகிறதோ அப்போதே பணிப்பெண்ணின் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பத்தைப் பொறுத்தது. 1981-இல் நர்கீஸ் மிர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியையும் அந்தத் தன்விருப்ப அதிகாரத்தையும் நீக்கியது. இன்று தனியார் நிறுவனங்கள் பலவற்றில் வேலை குறிப்பிட்ட கால ஒப்பந்தமாகவே இருப்பதால், ஓய்வு வயது என்ற சொல்லைவிட ஒப்பந்தம் முடியும் தேதியே நமக்கு முக்கியம். முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள், பயிற்சிச் செலவுக்கு ஈடாக எழுதிக்கொடுத்த பத்திரத் தொகை இன்னும் பாக்கி நிற்கிறதா, ஓய்வுக்குப் பின் பயணச்சீட்டுச் சலுகை பெற எத்தனை ஆண்டுப் பணி தேவை ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தை எடுத்து வைத்து இன்றே படித்துவிடுங்கள். சலுகைக்கு நாலைந்து மாதங்களே குறைகின்றன என்று தெரிந்தால், விலகல் கடிதத்தைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை.

இரண்டாம் படி: காகிதங்கள்

நான் விலகியபோது சீருடை, விமான நிலைய நுழைவு அட்டை, கையேடுகள் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்து, பாக்கியில்லைச் சான்றும் பெற்றுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பயிற்சிப் பதிவுகளைக் கேட்டு வாங்கவில்லை. ஓராண்டுக்குப் பின் ஒரு பயிற்சியாளர் வேலைக்கு அவை தேவைப்பட்டபோது, மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பியும் ஐந்து மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. உள்ளே இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் காகிதம், வெளியே வந்தபின் எவருடைய மேசையிலோ கிடக்கும்.

எனவே பணியிலிருந்து விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று ஆகியவற்றோடு, பாதுகாப்பு மற்றும் அவசரகால நடைமுறைப் பயிற்சி, அபாயச் சரக்குப் பயிற்சி, குழு ஒருங்கிணைப்புப் பயிற்சி, முதலுதவி ஆகிய ஒவ்வொன்றின் சான்றையும் தேதியோடு வாங்குங்கள். எந்தெந்த விமான வகைகளில் பறந்தீர்கள், முதுநிலைப் பொறுப்பில் எத்தனை ஆண்டுகள் இருந்தீர்கள் என்பது அனுபவச் சான்றிலேயே எழுதப்பட்டிருக்கட்டும். அபாயச் சரக்குச் சான்று 24 மாதங்களில் காலாவதியாகும். விலகும் முன் ஒரு மறுபயிற்சி வருமானால், அதை முடித்துவிட்டு வெளியேறுவது நல்லது.

மூன்றாம் படி: பணம்

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். நம் கையில் வரும் மாத வருமானத்தில் பெரும்பகுதி பறக்கும் நேரப் படியும் வெளியூர்த் தங்கல் படியும்தான். அடிப்படை ஊதியம் சிறியது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை இரண்டும் பெரும்பாலும் அந்தச் சிறிய தொகையை வைத்தே கணக்கிடப்பட்டு வந்துள்ளன. மாதம் எண்பதாயிரம் கண்ட ஒருவர், கடைசியில் வரும் தொகையும் அதற்கேற்ப இருக்கும் என்று எண்ணி, அதை நம்பி மாடி கட்டத் தொடங்கிவிடுவது எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே நடந்திருக்கிறது.

பணிக்கொடைக்கான கணக்கு எளியது: கடைசி மாத அடிப்படை ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படை 30,000 ரூபாய், பணிக்காலம் 14 ஆண்டுகள் என்றால் ஏறத்தாழ 2,42,300 ரூபாய் வரும். 5 ஆண்டுகள் முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டு போதும். படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கொள்ள வேண்டும் என்று அதே தொகுப்பு சொல்வதால், நிறுவனம் எந்தத் தொகையை வைத்துக் கணக்கிட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பணிக்கொடை 30 நாட்களுக்குள் தரப்பட வேண்டியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அதற்கு 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பு உண்டு. 10 ஆண்டுகள் முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் கிடைக்கும்; அந்த உச்சவரம்பையும் பணியாண்டுகளையும் பெருக்கி 70-ஆல் வகுத்தால் தொகை தெரியும். 14 ஆண்டுகளுக்கு மாதம் 3,000 ரூபாய். 50 வயதிலேயே பெறலாம், ஆனால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும். 10 ஆண்டுகள் நிறையாதவர்கள் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்வதற்குப் பதிலாக, பணியாண்டுகளைப் பதிந்து தரும் திட்டச் சான்றிதழைப் பெற்று வைத்தால், பின்னாளில் வேறு வேலையில் சேரும்போது ஆண்டுகள் கூடிக்கொள்ளும். ஐந்தாண்டுத் தொடர் பணிக்கு முன் வைப்பு நிதியை எடுத்தால் வரி உண்டு என்பதால், அவசரப்பட வேண்டாம்.

வளைகுடா நிறுவனங்களில் பறந்தவர்களுக்குக் கணக்கு வேறு. ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் ஊதியமும் பணிமுடிவுத் தொகையாக வரும்; மொத்தம் இரண்டு ஆண்டு ஊதியத்தைத் தாண்டாது. அடிப்படை 4,000 திர்ஹம், பணி 8 ஆண்டுகள் என்றால் 14,000 திர்ஹமும் 12,000 திர்ஹமும் சேர்ந்து 26,000 ஆகும். ஊரில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு திரும்பியதும், வெளிநாடுவாழ் இந்தியர் என்ற முறையில் வைத்திருந்த வங்கிக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பணமாகவே வைத்திருக்க விரும்பினால், திரும்பியவர்களுக்கென்று தனி வெளிநாட்டுச் செலாவணிக் கணக்கு உண்டு. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாடுவாழ் நிலையில் இருந்தவர், அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாட்களுக்கு மேல் இந்தியாவில் இருக்காதவர், வரிச் சட்டத்தில் ஓர் இடைநிலைத் தகுதி பெறுவார். அந்தத் தகுதி நீடிக்கும் வரை வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. இதற்கு ஒரு பட்டயக் கணக்காளரிடம் ஒருமுறை பணம் கொடுத்து ஆலோசனை பெறுவது வீண் செலவாகாது.

மருத்துவக் காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசிப் பணிநாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழித்த ஆண்டுகள் வீணாகாமல் தொடரும்.

நான்காம் படி: உடம்புக்கு ஆறு மாதம்

கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பானது. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 5 மில்லிசீவர்ட் வரை அண்டக் கதிர்வீச்சு உடலில் சேர்கிறது; தொழில்சார்ந்து பரிந்துரைக்கப்படும் வரம்பு 20 என்பதால் இது பதறுவதற்கான அளவு அல்ல, ஆயினும் விமானப் பணியாளர்களிடையே மார்பகப் புற்றும் தோல் புற்றும் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் உள்ளன. ஊர் திரும்பியதும் ஒரு முழுப் பரிசோதனை செய்துகொண்டு, நாற்பதைத் தாண்டிய பெண்கள் மார்பகப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்துவருவது நல்லது. இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குவதால், தொடக்கப் பரிசோதனைக்கு மதுரைக்கு ஓட வேண்டியதில்லை.

தூக்கம் ஒழுங்குக்கு வர மாதங்கள் ஆகும். அந்த நாட்களில் புதிய தொழில் எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று என் தங்கைகளுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்தெழுந்து நான் போட்ட திட்டங்களில் ஒன்றுகூடப் பகல் வெளிச்சத்தில் தேறவில்லை. வெளியூரில் கொண்டாடப்பட்ட பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறதே என்று உறவினர் கேட்கும் கேள்விகளும் அப்போதுதான் அதிகம் வரும். ‘ஆறு மாதம் ஓய்வு, அதன்பின் இன்ன படிப்பு, இன்ன வேலை’ என்று ஒரே பதிலை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவைத்தால், அம்மாவே வாசலில் நின்று பதில் சொல்லிவிடுவார்.

ஐந்தாம் படி: பட்டமும் தன்விவரமும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பறக்கப் போனவர்களுக்கு, நாற்பது வயதில் பட்டமின்மை பெரிய சுவராக வந்து நிற்கிறது. பறக்கும்போதே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்துவிடுங்கள்; வெளியூர் விடுதி அறைகளில் வீணாகும் மாலைகள் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் போதுமானவை.

தன்விவரத்தில் ‘விருந்தோம்பல் திறன்’ என்று எழுதுவதைக் காட்டிலும், ‘186 பயணிகள் கொண்ட விமானத்தில் நான்கு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு, பறப்பில் மூன்று மருத்துவ அவசரங்களைக் கையாண்டேன்’ என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மருத்துவமனை நிர்வாகிக்கும் கல்லூரி முதல்வருக்கும் நம் துறைச் சொற்கள் புரியாது. அந்த எண்கள் புரியும்.

ஆறாம் படி: வேலையைத் தேர்தல்

விமானத் துறைக்குள்ளேயே தங்க விரும்புவோர்க்குப் பாதுகாப்புப் பயிற்றுநர், பரிசோதகர், பணியாளர் தேர்வு, பணிநேர அட்டவணை, விமான நிலையப் பொறுப்பு அதிகாரி ஆகிய பணிகள் உள்ளன. பயிற்றுநர் தகுதியைப் பறந்துகொண்டிருக்கும்போதே பெறுவதுதான் இயல்பான வழி. ஆனால் இவ்வேலைகள் சென்னை, பெங்களூரு, டெல்லி போன்ற ஊர்களில்தான் மிகுதி. நமக்கு அருகிலுள்ள மதுரை விமான நிலையமே இராமேசுவரத்திலிருந்து 170 கிலோமீட்டருக்கு மேல். மதுரை மருத்துவமனைகளில் நோயாளர் தொடர்பு, விடுதிகளில் முன்னலுவலகம், நம் மாவட்டக் கல்லூரிகளில் நேர்முகத் தேர்வுப் பயிற்சி ஆகியவையும் கிடைக்கக்கூடியவையே.

ஊரிலேயே இருக்க விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது கடற்கரைப் பாதுகாப்பு. ஆடி, தை அமாவாசைகளில் இராமேசுவரம் அக்னி தீர்த்தத்திலும், சேதுக்கரையிலும், தேவிப்பட்டினத்திலும் கூடும் கூட்டத்தை நாம் அறிவோம். காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் நடத்தும் அலையாத்திப் படகுச் சவாரி, பிரப்பன்வலசை, அரியமான் பக்கத்து நீர் விளையாட்டுகள், பாம்பனிலிருந்து குருசடைத் தீவுக்குப் போகும் பயணம் என்று தண்ணீரில் இறங்கும் வெளியூர்க்காரர்களும் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். படகோட்டும் அண்ணன்மார்களுக்குக் கடல் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. ஆனால், நீச்சல் தெரியாத இருபது பேருக்கு உயிர்காப்புச் சட்டையை எப்படி அணிவிப்பது, எங்கே உட்கார வைப்பது, பதற்றத்தில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடாமல் எந்தக் குரலில் கட்டளையிடுவது என்பதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள் நாம். ஒவ்வொரு பறப்பிலும் செய்துகாட்டிய அதே பாதுகாப்பு விளக்கத்தைப் படகுக்கேற்ற இரண்டு நிமிட விளக்கமாகத் தமிழிலும் இந்தியிலும் அமைத்துக் கொடுப்பது, நாளையே தொடங்கக்கூடிய பணி.

அதற்கு நம் பழைய சான்று மட்டும் போதாது. நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுப்பதை நாம் கற்றிருக்கிறோம். அந்தப் பயிற்சி பெரும்பாலும் இதயம் நின்றுபோனவரை மனத்தில் வைத்தது. நீரில் மூழ்கியவருக்கோ மூச்சுக் கொடுப்பது மிக முக்கியம் என்பதாலும், அவரைக் கரைசேர்ப்பதே தனிக் கலை என்பதாலும், அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். கோவாவில் இயங்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சி தருகிறது. செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் ஆகியவற்றின் வழியே முதலுதவிச் சான்றைப் புதுப்பித்துக்கொள்ளலாம். முத்துக்குளிப்பு மரபுள்ள கரை என்பதால் ஆழ்நீச்சல் பயிற்சிக்கும் சிலர் ஆசைப்படுகிறார்கள். இன்னும் பறந்துகொண்டிருப்பவர்கள், மூழ்கியெழுந்த 24 மணி நேரத்துக்குள் விமானம் ஏறக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

மண்டபம் பகுதியின் நண்டு, இறால் ஏற்றுமதிக் கூடங்களும் கவனிக்கத்தக்கவை. சரக்கைக் குளிராக வைக்கப் பயன்படும் உலர் பனிக்கட்டி (உறைந்த கரியமில வாயு) விமானச் சரக்கில் 1845 என்ற ஐ.நா. எண்ணுடைய அபாயப் பொருள். அதன் பொதியில் என்ன எழுத வேண்டும், காற்று வெளியேற ஏன் வழி விட வேண்டும் என்பதற்கான அடிப்படை நமக்கு ஏற்கெனவே தெரியும். சரக்கு அனுப்புவோருக்கான தனிப் பயிற்சி ஒன்றை முடித்தால் இந்தப் பணிக்குள் நுழையலாம்.

திரும்பியவர்கள் பெரும்பாலோர் எண்ணுவது வீட்டுத் தங்கல் தொழில், அதாவது ஹோம்ஸ்டே. நன்றாகச் செய்யக்கூடியதுதான், ஆனால் சேமிப்பு முழுவதையும் சுவரில் போடும் முன் சில உண்மைகளைப் பாருங்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் செல்லும். புதுக் கட்டடம் எழுப்புவதைவிட, ஏற்கெனவே உள்ள வீட்டில் இரண்டு அறைகளைச் சீர்செய்வது பாதுகாப்பானது. 1964 புயலுக்குப் பின் வாழத் தகுதியற்ற பகுதியாக அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடியில் இடம் தருவதாகச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில், உரிமையாளர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டில் 6 அறைகள் வரை பதிவுசெய்யலாம். வெள்ளி, தங்கம் என்று இரண்டு தரங்கள் உண்டு. உணவு கொடுப்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிவு தேவை. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். கடவுச்சீட்டைப் பார்த்தவுடன் பிழை கண்டுபிடிக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர்க் கணக்கை முதலில் போடுங்கள். நம் கரையில் பல ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பு. குடிக்கவும் சமைக்கவும் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். ஒரு விருந்தினர் குளித்து, துணி அலசிச் செல்வதற்கு எத்தனை குடம் ஆகிறது என்று உங்கள் வீட்டிலேயே ஒரு வாரம் அளந்து பாருங்கள். அறை வாடகையை அதற்குப் பின் தீர்மானியுங்கள். அமாவாசை நாட்களிலும் பள்ளி விடுமுறையிலும் அறை நிறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல வாரங்கள் வெறுமையாகக் கிடக்கும் என்பதால், ஆண்டில் பாதி நாட்களே ஆள் வருவார்கள் என்று வைத்துக் கணக்கிடுவதே சரி.

வங்கிக் கடன் தேவைப்பட்டால், முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் திட்டச் செலவில் 25 விழுக்காடு, 75 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு மானியம் உண்டு. உங்கள் தொழில் அதில் அடங்குமா என்பதை இராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். வங்கி மேலாளர் கடைசி மூன்றாண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்பார். பறந்த நாட்களில் சம்பளச் சீட்டில் அடிப்படை ஊதியம் சிறிதாகத் தெரிந்தாலும், வரிக் கணக்கில் படிகளும் சேர்ந்து முழுத் தொகை இருக்கும். நிறுவனம் தந்த வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16-ஐ ஆண்டுவாரியாக எடுத்து, பயிற்சிச் சான்றுகள் இருக்கும் அதே கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள்.